ஆடிக்கும் அமாவாசைக்கும் ஒரு சீட்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். அதனால இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. யாரும் தேடியிருக்க மாட்டீங்கன்னு தெரியும் :-) இருந்தாலும் ஒரு விஷயத்தை எழுதியே ஆகணும்னு கை அரிக்குது. நம்ம ஊர் ஏழு சீட், எட்டு சீட் வண்டிகளோட கடைசி வரிசை. அதைக் கழற்றி எடுத்துட்டு, அந்த இடத்துல வீட்டுக்குத் தேவையான மாதிரி ஒரு பெட்டியோ அலமாரியோ செஞ்சு வெச்சுக்கணும்ங்கறது என் கட்சி. வீட்டுல எதிர்க்கட்சித் தலைவர் எங்கப்பா.

சந்தேகம் இருந்தா ஒரு சாயந்திரம் லஸ் கார்னர் சிக்னல்ல நின்னு பாருங்க. இன்னோவா, எர்டிகா, கேரன்ஸ்னு வரிசையா வரும். பின்கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தா கடைசி வரிசையில மனுஷங்க இருக்க மாட்டாங்க. ஒரு குடை, ரெண்டு கட்டைப்பை, பழைய பெட்ஷீட், எப்பவோ தி.நகர்ல துணி எடுத்தப்போ கொடுத்த காலி அட்டைப்பெட்டி. லட்சக்கணக்குல பணம் கொடுத்து வாங்கின இடத்துல அட்டைப்பெட்டி ஊர்வலம் போகுது.

எங்க வீட்டு வண்டி 2013 இன்னோவா, எட்டு சீட். முன்னாடி ரெண்டு, நடுவுல மூணு, பின்னாடி மூணு. வீட்டுல இருக்கிறது நாலு பேர்: அப்பா, அம்மா, பாட்டி, நான். பாட்டிக்கு 84 வயசு. மூணு வருஷம் முன்னாடி இடுப்பெலும்பு முறிஞ்சதிலிருந்து வீட்டுக்குள்ள வாக்கர், வெளியில சக்கர நாற்காலி. வாரத்துல ரெண்டு நாள் அடையாறுக்கு பிசியோதெரபி. வெள்ளிக்கிழமை உடம்பு ஒத்துழைச்சா கபாலீஸ்வரர் கோவில். பாட்டியோட உலகம் இப்போதைக்கு அவ்வளவுதான். அந்த உலகத்துக்குப் போறதுக்கு வண்டியில ஏற வேண்டியது பாட்டி மட்டும் இல்ல, பதினெட்டு கிலோ பக்கம் இருக்கிற இரும்பு நாற்காலியும்.

இந்த மாடல் இன்னோவாவைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். கடைசி வரிசை ரெண்டு பாதியா பிரிஞ்சு, பக்கவாட்டுல மடிஞ்சு ஜன்னலோரமா நிக்கும். மேலே கைப்பிடியில பட்டையை மாட்டி வைக்கணும். மடிச்சதுக்கப்புறம் நடுவுல ஒரு சந்து கிடைக்கும். அந்தச் சந்துல மடிச்ச நாற்காலியைப் படுக்க வைக்க முடியாது. நிக்க வெச்சா நிக்காது. சாய்ச்சு வெச்சு, பக்கத்துல தண்ணி கேனை முட்டுக் கொடுத்து, மேல பெட்ஷீட்டை அமுக்கி... கிரீன்வேஸ் ரோடு திருப்பத்துல எல்லாம் சேர்ந்து ஒரு பக்கமா சரியும். பின்னாடி 'டமால்'னு ஒரு சத்தம். பாட்டி தோளைக் குறுக்கிப்பாங்க.

ஏத்தி இறக்கறதுக்கு ஆகிற நேரம் இன்னொரு தொல்லை. மயிலாப்பூர்ல மெட்ரோ வேலை ஆரம்பிச்சதிலிருந்து மாட வீதிப் பக்கம் வண்டியை அரை நிமிஷம் நிறுத்தினாலே பின்னாடி ஹாரன் கச்சேரி. நான் கேனை எடுத்து, பெட்ஷீட்டை எடுத்து, சீட்டுக் கம்பியில சிக்கின நாற்காலிச் சக்கரத்தை விடுவிக்கிறதுக்குள்ள நாலு ஆட்டோக்காரர் நம்ம குலத்தையே விசாரிச்சுடுவாங்க. போன பங்குனி அறுபத்துமூவர் சமயத்துல பாட்டி சொன்னது: "என்னால உங்க எல்லாருக்கும் லேட் ஆகுது. நீங்க போயிட்டு வாங்கடா, நான் டிவில பாத்துக்கறேன்." பிறந்ததிலிருந்து அந்த நாலு வீதிக்குள்ளயே இருந்த மனுஷி. நாற்காலியை வைக்க ஒழுங்கான இடம் இல்லைங்கறதுக்காக வீட்டோட நின்னுட்டாங்க. நான் இந்த விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டு தொங்கறதுக்குக் காரணம் அதுதான்.

அப்பாவோட வாதம் ஒரே வரி. "சீட்டை எடுத்துட்டா உன் சித்தப்பா வந்தா எங்கடா உக்காருவான்?"

சித்தப்பா குடும்பம் நியூஜெர்சியில. அத்தை ஹைதராபாத். பெரியப்பா மட்டும் நங்கநல்லூர், ஆனா அவர் மெட்ரோ ஆள், கார்ல வாந்தி வரும்னு ஏறவே மாட்டார். பொட்டி தட்டுறவன் வேற என்ன பண்ணுவான்? எக்ஸெல் ஷீட் போட்டேன். அம்மாவோட காலண்டர் குறிப்புகள், போன் போட்டோக்கள் எல்லாம் வெச்சு ரெண்டு வருஷத்துல கடைசி வரிசையில மனுஷங்க உக்காந்த நாட்களை எண்ணினேன். பதினொண்ணு. அதுல நாலு, ஒரே கல்யாணத்தோட நாலு நாள். அதே ரெண்டு வருஷத்துல பாட்டியோட நாற்காலி வண்டி ஏறினது இருநூறு தடவைக்கு மேல. ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம்னு சொல்வாங்களே, அதுகூட வருஷத்துக்குப் பதிமூணு வந்துடும். எங்க கடைசி வரிசைக்கு அந்த மரியாதைகூட இல்லை!

இதுல வேடிக்கை என்னன்னா, சித்தப்பா குடும்பம் 2022ல வந்தப்போ ஏர்போர்ட்டுக்கு இந்த வண்டிதான் போச்சு. நாலு பேர், ஆளுக்கு 23 கிலோ சூட்கேஸ் ரெண்டு. மொத்தம் எட்டு. எட்டு சூட்கேஸை எங்கே வைக்கிறது? கடைசி வரிசையை மடிச்சுத்தான். அப்புறம் ஆளுங்களுக்கு இடம் பத்தாம ஒரு கால் டாக்சி வேற பிடிச்சோம். யாருக்காக அந்த சீட்டைப் பாதுகாத்து வெச்சிருக்கோமோ அவங்க வந்த அன்னைக்கே அது சீட்டா இருக்கலை. இதை அப்பாகிட்ட சொன்னேன். பேப்பரை முகத்துக்கு நேரா தூக்கிக்கிட்டார்.

எனக்குப் புரியாம இல்லை. அப்பா அந்த வண்டியை வாங்கினப்போ பாட்டி நடந்துட்டிருந்தாங்க, தாத்தா இருந்தார், அத்தை மாம்பலத்துல இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை எட்டு பேரும் நெருக்கிட்டு பெசன்ட் நகர் பீச்சுக்குப் போவோம். பின்னாடி வரிசையில நானும் அத்தை பசங்களும். சீட்டைக் கழற்றினா அந்த ஞாயிறு இனிமே வராதுன்னு கையெழுத்துப் போட்ட மாதிரின்னு அவருக்கு. அதை நான் கிண்டல் பண்ணலை. ஆனா வராத எட்டு பேருக்காக வெச்சிருக்கிற இடத்தை, வீட்டுல இருக்கிற நாலு பேர்ல ஒருத்தருக்கு இல்லைன்னு சொல்றோம். அது நியாயமா?

சீட்டைக் கழற்றி இடம் பண்றது நான் கண்டுபிடிச்ச புதுமை ஒண்ணும் இல்லை. 1984ல வந்து 2019 வரைக்கும் ஓடின மாருதி ஆம்னியை ஞாபகம் இருக்கா? எங்க தெருவுல ஒரு சமையல் கான்டிராக்டர் வெச்சிருந்தார். காலையில பின்சீட் இல்லாம அண்டா, ஜல்லிக்கரண்டி, வாழையிலைக் கட்டு. சாயந்திரம் சீட்டை மாட்டி குடும்பத்தோட வடபழனி கோவில். அவர்கிட்ட இருந்தது ஒரு ஸ்பேனரும் ஒரு பையனும்தான். 2010ல வந்த ஈக்கோவை கம்பெனியே பின்சீட் இல்லாத கார்கோ வண்டியாவும் விக்கறாங்க. உடம்பு ஒண்ணு, உபயோகம் வேற.

இன்னும் சுவாரசியமானது ரெனோ ட்ரைபர். 2019ல வந்தது. நம்ம ஒரகடத்துலதான் தயாராகுது. நாலு மீட்டருக்குள்ள ஏழு சீட். கடைசி வரிசை ரெண்டு தனித்தனி சீட், அதைக் கழற்றி வீட்டுல வெச்சுட்டுப் போகலாம்னு கம்பெனியே வடிவமைச்சது. ஏழு சீட்டும் இருந்தா டிக்கி 84 லிட்டர். ரெண்டையும் எடுத்துட்டா 625 லிட்டர். ஏழு மடங்குக்கு மேல! அமெரிக்காவுல கிரைஸ்லர்காரங்க 2005 மாடல் மினிவேன்ல சீட்டு தரைக்குள்ளயே புதைஞ்சு போற மாதிரி பண்ணினாங்க. அதுக்கு முன்னாடி அங்கேயும் சீட்டைக் கழற்றி வீட்டு ஷெட்டுல போட்டு வெச்சவங்கதான். நம்ம அபார்ட்மென்ட்ல ஷெட் ஏது, பரண்தான். கொலு பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்துல இன்னோவா சீட். இருந்துட்டுப் போகட்டுமே.

நிற்க. இப்போ சட்டத்துக்கு வருவோம், ஏன்னா இதைப் பேசினாலே "ஆர்.டி.ஓ. பிடிப்பாங்க"ன்னு ஒருத்தர் சொல்லாம இருக்க மாட்டார். அவர் சொல்றதுல விஷயம் இருக்கு.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி. புத்தகத்துல இருக்கிற விவரங்கள், தயாரிப்பாளர் முதல்ல குறிப்பிட்டதிலிருந்து மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. ஆர்.சி.யில இருக்கிற விவரங்கள்ல சீட் எண்ணிக்கையும் ஒண்ணு. 2019 ஜனவரியில கேரளாவிலிருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தத்துல 182ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் ஆறு மாசம் வரை சிறை, இல்லேன்னா ஐயாயிரம் ரூபாய் அபராதம், இல்லேன்னா ரெண்டும். பைக்குக்கு வெடிச்சத்த சைலன்சர் மாட்டுறவனுக்காக வந்த சட்டம்னு நாம நினைச்சுக்கலாம். ஆனா எழுத்துல அப்படி இல்லை.

ஆனா அதே சட்டம் 'மாற்றம்'னா என்னன்னு ஒரு விளக்கமும் கொடுக்குது: வண்டியோட அடிப்படை அம்சம் மாறுற அளவுக்கு அதோட கட்டமைப்புல செய்யற மாற்றம். நாலு போல்ட்டைக் கழற்றி, தகடு எதையும் வெட்டாம, துளை போடாம, ஒரு மணி நேரத்துல திரும்ப மாட்டக்கூடிய மாதிரி சீட்டை எடுத்து வைக்கிறது கட்டமைப்பு மாற்றமா? ட்ரைபர்காரர் லீவரை இழுத்து எடுத்தா அது வசதி. இன்னோவாக்காரர் ஸ்பேனரால எடுத்தா அது குற்றமா? ரெண்டு வண்டியும் ஆர்.சி.யில இருக்கிற சீட்டை விடக் குறைவான சீட்டோடதான் ரோட்டுல போகுது. சீட்டைக் கூட்டி, ஸ்கூல் வேன்ல பெஞ்சு போட்டு குழந்தைகளை அடைக்கிறவனையும், சீட்டைக் குறைக்கிறவனையும் ஒரே தராசுல நிறுத்தக்கூடாதுங்கறேன். கூட்டுறதுக்குக் கடுமையா இருங்க, வேண்டாம்னு சொல்லலை. குறைக்கிறதுக்கு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தா போதும்னு மத்திய அரசு ஒரு வரி விதியில சேர்த்தா என்ன குடி முழுகிடும்?

இன்னொண்ணு. 2019 திருத்தத்துல உடல் குறைபாடு உள்ளவங்களுக்காக மாற்றியமைக்கிற வாகனத்துக்குன்னு ஒரு இலக்கணம் சேர்த்தாங்க. முன்னாடி அதுக்குன்னே தயாரிச்ச வண்டிக்கு மட்டும்தான் இடம். இப்போ இருக்கிற வண்டியை மாத்தினாலும் சரின்னு ஆச்சு. நல்ல விஷயம். ஆனா அந்த வாகனம் அவராலோ அவருக்காகவோ 'மட்டுமே' பயன்படணும்னு இருக்கு. அந்த 'மட்டுமே'தான் இடிக்குது. பாட்டிக்கு மட்டுமேன்னு எந்த மயிலாப்பூர் குடும்பத்துல தனியா கார் வெச்சிருப்பாங்க? காலையில பாட்டிக்கு பிசியோ, மத்தியானம் அம்மாவுக்கு பாண்டி பஜார், ராத்திரி எனக்கு ஓ.எம்.ஆர். நம்ம வீடுகள்ல நாற்காலிக்கும் காய்கறிக்கும் ஒரே வண்டிதான்.

அதனால நான் என்ன பண்றேன்னா, எல்லாத்தையும் எழுத்துல வெச்சுக்கறேன். எங்க வண்டி டி.என். 06, அதாவது மந்தைவெளி. சீட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடியே அனுமதி கேட்டு விண்ணப்பம். பிரிவு 52லயே, மாற்றம் செஞ்சா 14 நாளைக்குள்ள பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கணும்னும் இருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம். நாளைக்கு ஏதாவது ஆனா "சொல்லவே இல்லையே"ன்னு யாரும் வாய் திறக்கக்கூடாது. அனுமதி வர்ற வரைக்கும் சீட் இருந்த இடத்துலயே இருக்கும், பெட்டி பேப்பர்ல இருக்கும்.

இனி பெட்டி. ஜி.பி. ரோடு கடைகள்ல போய் கேட்டா சீட் கவர், மேட், ஆம்ப்ளிஃபயர், நீல லைட்டு எல்லாம் காட்டுவாங்க. சக்கர நாற்காலிக்கு இடம்னு கேட்டா மேலயும் கீழயும் பார்ப்பாங்க. புதுப்பேட்டையில "சீட்டைக் கொடுத்துடுங்க சார், நல்ல விலை தர்றேன்"னு கேப்பாங்க. கொடுக்காதீங்க. சீட், பெல்ட், போல்ட் எல்லாம் பரண்ல பத்திரமா இருந்தாத்தான் வண்டியை விக்கும்போது பழையபடி மாட்ட முடியும். சித்தப்பா வந்தாலும்தான்.

ஆக ஒழுங்கான வழி, வீட்டுக்கு வர்ற ஆசாரிதான். எங்க வீட்டுக் கொலுப்படி செஞ்சவரையே கூப்பிட்டேன். அது பெட்டி பெட்டியா இருக்கும், ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கும், வருஷம் பூரா பொம்மைகள் அதுக்குள்ளயே தூங்கும். இடத்தை வீணாக்காம ஒரு சாமானைச் செய்யறது எப்படின்னு நம்ம ஆளுங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டியை ஒரு தடவை சுத்திப் பார்த்துட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "பிரேக் போட்டா இது எங்க சார் போகும்?" நான் நாலு வருஷம் படிச்ச இன்ஜினியரிங்கோட சாரமே அதுதான்.

கணக்கு சொல்றேன். 20 லிட்டர் தண்ணி கேன் இருபது கிலோ. வண்டி 50 கிலோமீட்டர் வேகத்துல போய் சட்டுனு முட்டி நின்னா, கட்டாத அந்த கேன் அதே வேகத்துல முன்னாடி பறக்கும். மூணாவது மாடியிலிருந்து, சுமார் பத்து மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டா என்ன வேகமோ, அந்த வேகம். நடு வரிசையில உக்காந்திருக்கிறது பாட்டி. 2022 செப்டம்பர்ல சைரஸ் மிஸ்திரி விபத்துல இறந்ததுக்கப்புறம்தான் பின்சீட்டுக்கும் பெல்ட் வேணும்னு ஊரே பேச ஆரம்பிச்சுது. பின்சீட்டுக்குப் பின்னால இருக்கிற சாமானுக்கு யார் பெல்ட் போடறது? சீட்டை மடிச்சுட்டு சாமானை அப்படியே போட்டுட்டுப் போறதை விட, கட்டி வைக்கிற ஒரு பெட்டி எவ்வளவோ பத்திரம்.

அதனால எங்க வரைபடத்துல ஒரு விஷயத்துல விட்டுக்கொடுக்கவே இல்லை. பெட்டியோட அடித்தளம், சீட் மாட்டியிருந்த அதே போல்ட் இடங்கள்ல, இரும்புத் தகடு வெச்சு மாட்டணும். சாமானும் பெட்டியும் சேர்த்து எண்பது கிலோன்னு வெச்சுக்கங்க, மோதற நேரத்துல இருபது மடங்கு விசைன்னா ஒன்றரை டன்னைத் தாண்டும். மர ஸ்க்ரூ, ஃபெவிகால் இதெல்லாம் அங்கே காமெடி. அதுக்காக தரையில புதுசா ஒரு துளைகூடப் போடக்கூடாது. கீழ என்ன ஒயர், என்ன குழாய் போகுதுன்னு மேலேர்ந்து தெரியாது, துளை போட்ட இடத்துல நம்ம கடற்காத்துக்கு துரு வேற பிடிக்கும்.

பலகை 12 எம்.எம். மெரைன் ப்ளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்கணும். சாதா கமர்ஷியல் ப்ளை வேண்டாம். 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம்லயும் இந்த ஊர்ல கார்கள் என்ன ஆச்சுன்னு பார்த்தவங்க நாம. மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்துல காரை வரிசையா நிறுத்துற ஊரு. எட்டுக்கு நாலு ஷீட் ஒண்ணு இருபத்தஞ்சு கிலோ பக்கம் வரும். எங்களுக்கு ஒன்றரை ஷீட் போதும்னார். மூணு பேர் உக்காந்தா ஏறுற எடையோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்லை.

இடது பக்கம் நீளமா ஒரு அறை. மடிச்ச நாற்காலி நின்னபடி உள்ளே போய், ஒரு பட்டையால இறுகும். வலது பக்கம் ரெண்டு அடுக்கு. கீழே தண்ணி கேனும் கனமான சாமானும். மேலே இழுப்பறை, பாட்டியோட மருந்து, மாத்துத் துணி, டயப்பர், துண்டு. டெலஸ்கோபிக் சேனலுக்கு பூட்டு கட்டாயம், இல்லேன்னா ஒவ்வொரு பிரேக்குக்கும் இழுப்பறை வெளியே வந்து வணக்கம் சொல்லும். உயரம் நடு சீட் முதுகுக்கு மேல ஒரு அங்குலம்கூடப் போகக்கூடாது. உள்கண்ணாடியில பின்னாடி ரோடு தெரியணும்ல. ஓரமெல்லாம் ரப்பர் பீடிங். சென்னை ரோட்டுல ப்ளைவுட்டும் தகடும் உரசினா வர்ற 'கிரீச்' சத்தத்தை பாட்டியோட காதுக்கு நான் கொடுக்க மாட்டேன்.

அம்மாவுக்கு ஒரே ஒரு கோரிக்கை. இழுப்பறையில ஒரு மூலை அவங்களுக்கு, கோவில் பைக்கு. அனுமதிச்சாச்சு.

பாட்டிகிட்டயும் வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இவ்வளவு செலவு எதுக்குடா எனக்காக"ன்னு ஆரம்பிச்சாங்க. அப்புறம், "நாற்காலியை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?" முப்பது செகண்ட்னு சொன்னேன். "அப்ப தெற்கு மாட வீதியில நிறுத்தலாம்"னாங்க.

அப்பா இன்னும் சம்மதிக்கலை. போன வாரம் ஒரு சமரசத் திட்டம் கொண்டு வந்தார்: ஒரு பாதி சீட்டை மட்டும் எடு, இன்னொரு பாதி இருக்கட்டும். அளந்து பார்த்தோம். நாற்காலி அறை வந்துடும், தண்ணி கேனும் இழுப்பறையும் வராது. நான் ஒத்துக்கலை, அவரும் ஒத்துக்கலை. அனுமதி வரட்டும்னு ரெண்டு பேரும் வாய்தா வாங்கியிருக்கோம்.

டிஸ்கி: எர்டிகா, கேரன்ஸ்ல கடைசி வரிசை தரையோட மடியும்ங்கறதால, சீட்டைக் கழற்றாமலே மேல ஒரு பலகை போட்டு பண்ணலாம்னு ஆசாரி சொல்றார். அப்படிச் செஞ்சவங்க யாராவது இருந்தா, மடிச்ச சீட்டுக்கு மேல எவ்வளவு உயரம் மிச்சம் கிடைச்சதுன்னு அளந்து சொல்லுங்க. பலகையை எதுல கட்டினீங்கன்னும் சொல்லுங்க. மாடி வீட்டு மாமா அவர் எர்டிகாவுக்குக் கேக்கறார்.